பங்குனி ஆமையைத் தேடி ஓர் இரவு நடை

சென்னை நீலாங்கரை. இரவு மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. நான்கைந்து தெரு தள்ளி, கடற்கரை மணலில் இருபது முப்பது பேர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர் என்று கலவையான கூட்டம். "டார்ச் அடிக்காதீங்க, செல்போன் வெளிச்சமும் வேண்டாம்" என்கிறார் வழிநடத்தும் தன்னார்வலர். பெசன்ட் நகரை நோக்கி சுமார் 7 கிலோமீட்டர் நடை தொடங்குகிறது.

அவர்கள் தேடுவது பங்குனி ஆமையை. ஆலிவ் ரிட்லி என்று உலகம் அழைக்கும் இந்தக் கடலாமை, ஜனவரி தொடங்கி இந்தக் கரையில் முட்டையிட வருகிறது. அதைத் தேடும் நடைக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் போன்ற சில இளைஞர்கள் ஆரம்பித்தது. 1988 முதல் மாணவர் குழு ஒன்று அதைத் தொடர்கிறது.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் செல்பவர் சட்டென்று நிற்கிறார். அலை ஓரத்திலிருந்து மேட்டுக்கு ஒரு தடம். சின்ன டிராக்டர் ஒன்று ஏறி இறங்கியதுபோல இருக்கிறது. தடம் திரும்பும் இடத்தில் கம்பை மெல்ல அழுத்திப் பார்க்கிறார். ஓரிடத்தில் மணல் இளகி உள்வாங்குகிறது. முழங்கை மறையும் வரை கையால் தோண்டினால், குடுவை வடிவக் குழிக்குள் பிங்பாங் பந்துகள்போல முட்டைகள். சாதாரணமாக நூறுக்கு மேல் இருக்கும். எண்ணுகிறார்கள். குழியின் ஆழத்தை அளந்து நோட்டில் குறிக்கிறார்கள். பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டி முட்டைகளைப் புதைக்க வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு வியப்பு அங்கேதான் ஆரம்பம். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். சுமார் 45 நாள் கழித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி ஓடும். தெருவிளக்கு பிரகாசமாக இருந்தால் சாலைக்குப் போய்விடும். டார்ச் வேண்டாம் என்றதன் காரணம் இப்போது புரிகிறது.

அதே கரையில் செத்த ஆமைகளும் கிடக்கின்றன. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. நடந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அந்தக் கணக்கு இருந்ததால்தான் ஊருக்குச் செய்தி தெரிந்தது.

இந்தக் கரையில் நடந்த முன்னோடிகளில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டு ஆமைகளின் பின்னால் போனார். 1982-ல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவின் ஆளில்லாத தீவு ஒன்றில் தனியாகத் தங்கி ஆமைத் தடங்களை எண்ணினார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கைக் கரையில் ஒதுங்க, ஒரு மீனவர் எடுத்துத் தபாலில் அனுப்பிவைத்தார். கடிதம் வீடு வந்து சேர்ந்தது.

பொரித்த குஞ்சுகளை மாலை மங்கியதும் அலைக்குச் சற்று முன்பாக விடுகிறார்கள். யாரும் தூக்கிக் கடலில் போடுவதில்லை. மணலில் தானே நடந்துதான் போக வேண்டும். பிழைக்கும் பெண் ஆமை, பல ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்பும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலே அதிகம் என்பார்கள்.

விடியும் முன் நடை முடிகிறது. சில இரவுகளில் ஒரு தடம்கூடத் தென்படாது. அன்றைக்கும் நோட்டில் தேதி போட்டு, 'இல்லை' என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அடுத்த வாரமும் வருகிறார்கள்.