உப்புக் காற்றும் ஒரு வன்தட்டும்

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று எங்கள் வீட்டுக் கணினிக்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் இட்டுவந்தோம். பொரியும் கடலையும் அதன்முன் படைக்கப்பட்டன. ஆனால் அப்பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்று ஐந்தாண்டுகளில் ஒருமுறையேனும் நாங்கள் பார்த்தோமில்லை. வழிபாடு வேறு, பராமரிப்பு வேறு என்பதை 2012-ஆம் ஆண்டின் இறுதியில் விலைகொடுத்துத்தான் கற்றோம். அந்த விலை பணமன்று.

அப்போது மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் வாடகைக்குக் குடியிருந்தோம். துணைவியாரின் பணி அங்கே; கல்லூரியோ செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக நாள்தோறும் பேருந்துப் பயணம். வீட்டுச் சன்னல் கம்பிகள் ஆண்டுக்கொரு முறை வண்ணம் பூசியும் துருப்பிடித்தன. மேசையைக் காலையில் துடைத்தால் மாலையில் பிசுபிசுக்கும். கடற்கரை வாழ்வின் இயல்பு என்று அதை ஏற்றுக்கொண்ட நாங்கள், அதே காற்றைத்தான் கணினியின் விசிறியும் நாள் முழுவதும் உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

2010-இல் எங்கள் அப்பா சில மாதங்கள் எங்களுடன் வந்து தங்கியிருந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இளமையில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் இரவிரவாகக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். கூத்துப் பாடல்கள் பலவும் அவர் நினைவில் இருந்தன. மாலை வேளைகளில் கணினிமுன் அமர்த்தி, மலிவான ஒலிவாங்கி ஒன்றைக் கையில் கொடுத்துப் பாடச் சொல்வோம். பாடுவார், இடையிடையே நிறுத்தி, எந்த ஊரில் எந்த வாத்தியார் அதை எப்படிப் பாடினார் என்பதையும் சொல்வார். ஏறத்தாழ ஏழு மணிநேரம் சேர்ந்தது. 2011 தை மாதத்தில் அவர் காலமானார். பதிவுகள் இருக்கின்றன என்ற நிம்மதியில், எழுத்தில் பெயர்க்கும் வேலையை அடுத்த விடுமுறைக்கு, அதற்கடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

2012-இன் மின்வெட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் யுபிஎஸ்ஸின் மின்கலம் எப்போதோ செயலிழந்திருந்தது. ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் கணினி அப்படியே விழுந்து அணையும். மார்கழியில் ஒருநாள் அது எழவே இல்லை. பேருந்தில் மடிமேல் வைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். பழுதுபார்க்கும் இளைஞர் தகட்டைக் கழற்றினார். விசிறியில் தூசு நமுத்த கம்பளிபோல் படிந்திருந்தது. தாய்ப்பலகையின் செம்புக் கோடுகளில் பச்சை பூத்திருந்தது. தனியே இணைத்துப் பார்த்தபோது வன்தட்டிலிருந்து டக், டக் என்ற ஓசை மட்டும் வந்தது.

"சார், இது நேத்து கெட்டதில்ல. தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டிருக்கு" என்றார்.

தரவு மீட்போரிடம் அனுப்பியும் பயனில்லை. எஞ்சியது இரண்டு மணிநேரம் மட்டுமே. அதுவும் எங்கள் முன்யோசனையால் அன்று. அத்தை மகன் கேட்டானென்று அப்பாவே வற்புறுத்திக் குறுந்தகடு ஒன்றில் பதியச்செய்து கொடுத்தனுப்பியிருந்தார். பத்திரமாக வைத்துக்கொண்டது போயிற்று. பிறர்க்குக் கொடுத்தது பிழைத்தது.

அதன்பிறகே காரணங்களைத் தேடிப் படித்தோம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு தானே ஈரத்தை ஈர்த்து நீர்த்துவிடும். நம் கடற்கரையில் அது பல இரவுகளில் நிகழ்வது. தூசோடு படிந்த உப்பு, மின்சுற்றின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாகி உலோகத்தை அரிக்கிறது.

இதே உப்போடுதான் எங்கள் வீட்டுக்குத் தெற்கே கடற்கரைக் கோயிலும் போராடிக்கொண்டிருந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய அக்கற்றளியின் நுண்துளைகளில் உப்பு புகுந்து படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உதிர்க்கிறது. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக்கூழைக் கல்மேல் அப்பி உலரவிடுவார்கள். உலரும் கூழ் உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதை உரித்தெடுப்பார்கள். உப்பு மீண்டும் வரும். கூழும் மீண்டும் அப்பப்படும். அலையைத் தடுக்கக் கற்களும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் உண்டு. கல்லே ஆனாலும் ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடிய வேலையன்று அது.

தமிழ் பயின்ற எங்களுக்கு இது புதிய பாடமாகவும் இருந்திருக்கக் கூடாது. ஏடுகளுக்குப் புல்தைலம் தடவியவர்களும், அவை இற்றுப்போகுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவர்களும் இருந்ததால்தான் இலக்கியம் நம் கைக்கு வந்தது. தைலம் ஏட்டின் ஆயுளை நீட்டும்; படியெடுத்தலே நூலின் ஆயுளை நீட்டும். இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவிட்டு வீட்டில் மறந்திருந்தோம்.

இப்போது செங்கல்பட்டிலேயே குடியிருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு கணினிக்குரியது. மூன்று மாதத்துக்கொருமுறை மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து புளோயரால் தூசை வெளியேற்றுகிறோம்; அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ராம் அட்டையின் பொன்னிற விளிம்பு மங்கியிருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் துடைக்கிறோம். மின்செருகியைப் பிடுங்கி யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கிறோம். மின்கலத்தை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அதில் பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட கூறுகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் புதியது வாங்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள். வேண்டாத நிரல்களை நீக்கி, தட்டில் ஐந்தில் ஒரு பங்கையேனும் காலியாக விடுகிறோம். கணினியை வேகமாக்கித் தருவதாகக் கூவும் இலவச நிரல்களை அண்டவிடுவதில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் இயங்குதளத்தையும் மாற்றினோம்.

இவையெல்லாம் தைலம் தடவுவது போன்றவை. படியெடுப்பதே தலையாய வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று படிகள், இருவேறு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேற்றூரில். அந்த வேற்றூர்ப் படி இன்று அத்தை மகனின் வீட்டில் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட எங்கள் கட்டுரைகளையும் ஒருங்குறிக்கு மாற்றி வருகிறோம். தட்டு கெடாமலிருந்தும் எழுத்துரு காணாமற்போனால் தமிழ்க் கட்டுரை வெறும் ரோமன் குறிகளின் குவியலாகிவிடும். அதுவும் ஒருவகைச் செல்லரிப்புதான்.

இறுதியாக, படிகள் உண்மையில் திறக்கின்றனவா என்று சோதிக்கிறோம். திறந்து பார்க்காத படி, இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே. அச்சாக்கில் அந்த இரண்டு மணிநேரத்தில் ஒரு பகுதியையாவது மாதந்தோறும் கேட்டுவிடுகிறோம். அப்பா ஓர் அடியைப் பாடி நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்களில், அவர் குரலுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது. அடைத்துக்கொண்ட விசிறி திணறிச் சுழலும் ஓசை அது. 2010-லேயே அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒலிவாங்கிக்குக் கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை.