அப்பா போட்ட கல்

ஜோகூரில் தம்பி வீட்டில் இருக்கும் அப்பா, கடந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்திற்கு வந்தார். கடைசி ரயில் போன பிறகு அவர் அந்தப் பக்கமே வந்ததில்லை. "இனி அது நம்ம இடமில்லம்மா" என்பார்.

மலாயன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்தவர் அவர். நாங்கள் வளர்ந்தது சிங்கப்பூரில், ரயில்வே குவார்ட்டர்ஸில். "வேலிக்கு இந்தப் பக்கம் மலேசியா நிலம்" என்று அப்பா சொல்லும்போது விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்தேன்.

நாட்டின் எல்லை அல்ல, நில உரிமைதான் அப்படி இருந்தது. 1918ல் ஒரு சட்டம் இயற்றி, சிங்கப்பூர் ரயில் பாதையையும் அதன் நிலத்தையும் மலாயாவின் கூட்டு மாநில அரசிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிற்காலத்தில் நாடுகள் இரண்டாயின. சுமார் 217 ஹெக்டேர் நிலம் ரயில்வேயிடமே இருந்தது. 1990ல் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு என்ன பொருள் என்ற இழுபறி தீர மேலும் இருபது ஆண்டு ஆனது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் கிளம்பியது. நிலம் சிங்கப்பூரிடம் வந்தது.

"மலேசியாவுக்குப் பதிலா என்ன கிடைச்சுதும்மா?" என்று மகள் கேட்டாள்.

"நீ தினமும் வேலைக்குப் போற கட்டடம்தான்" என்றேன்.

நம்பாமல் பார்த்தாள். ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்தில் நான்கு மனைகளும் ஓஃபிர்–ரோச்சோரில் இரண்டும் ஒதுக்கப்பட்டன. இரு நாடுகளும் 60க்கு 40 என்ற பங்கில் சேர்ந்து அங்கே மரினா ஒன், டுவோ கட்டடங்களை எழுப்பின. அவள் அலுவலகம் மரினா ஒன்னில்.

அப்பா சிரித்துவிட்டார். "அப்போ உன் ஆபீசுக்கு முதல் கல்லு நான் போட்டதுதான்!" வெயிலிலும் மழையிலும் சிலிப்பர்கட்டைகளுக்கு அடியில் கல் நிரப்பிய கைகள் அவருடையவை. சட்டத்திலும் உடன்பாட்டிலும் ஹெக்டேர் கணக்கு உண்டு. அந்தக் கைகளுக்குக் கணக்கு இல்லை.

இரும்புப் பாலத்தருகே தண்டவாளம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அப்பா குனிந்து, கைத்தடியால் அதைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பின்னால் ஓடிவந்த இளைஞர் ஒருவர் நின்று, அவர் நிமிரும்வரை காத்திருந்தார்.

"கெட்டியாத்தான் இருக்கு" என்றார் அப்பா. "அடுத்த வாரமும் வரலாமா?"