சட்டையில் எழுதுதல்

உடையில் எழுத்தையும் படத்தையும் பதிக்க வழிகள் பல. அவற்றுள் எது நம் ஊரில், நம் கைக்கெட்டும் விலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே, யார் தம் மார்பில் எதை எழுதிக்கொள்ளலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. திருப்பூரில் ஓர் அச்சுத் தொழிலாளியின் பிள்ளையாக வளர்ந்தவன் என்பதால், சட்டையில் ஓர் எழுத்தைக் கண்டால் அதன் பொருளைவிட அது அங்கே வந்த விதமே முதலில் என் கண்ணில் படுகிறது.

அப்பா டேபிள் பிரிண்டிங் வேலை பார்த்தார். பசை தடவிய நீண்ட மேசையில், வெட்டிய பனியன் துண்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியை ஒவ்வொரு துண்டின் மீதும் இறக்கி, ரப்பர் பட்டை பொருத்திய கட்டையால் வண்ணப்பசையை ஒரே சீராக இழுப்பார். நிறம் ஒன்றுக்கு ஒரு ஸ்கிரீன். ஐந்து நிறமென்றால் அதே மேசையின் நீளத்தை ஐந்து முறை நடக்க வேண்டும். முந்தைய நிறத்தின் விளிம்பில் அடுத்த நிறம் மயிரிழையும் பிசகாமல் உட்கார வேண்டும். பிசகியவை ஏற்றுமதிக்கு ஆகாமல் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும். எங்கள் வீட்டில் நாங்கள் உடுத்தியவை பெரும்பாலும் அவைதாம்: உதடு விலகிய பொம்மைகள், தம் நிழலைவிட்டுத் தள்ளி நிற்கும் ஆங்கில எழுத்துகள்.

ஸ்கிரீன் செய்யும் விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. ஒளி பட்டால் இறுகும் பூச்சொன்றை வலைத்துணியில் தடவி உலர்த்தி, கறுப்பில் படம் அச்சான ஃபிலிமை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து வழிவிடும். அந்த வழியாகத்தான் வண்ணம் இறங்குகிறது. பட்டு வலையைக் கொண்டு அச்சிடும் முறைக்கு மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்றார். அதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பானியச் சாயக் கலைஞர்கள் தாளில் வடிவங்களை வெட்டி அச்சாகப் பயன்படுத்தினார்கள். வெட்டிய தாளில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வளையத்தை வெட்டினால் அதன் உள்வட்டம் பிடிமானமின்றி உதிர்ந்துவிடும். அதைத் தாங்க இரண்டு தாள்களுக்கிடையே பட்டு நூல்களை ஓட்டினார்கள். வலைத்துணியில் அந்தக் கவலை இல்லை. நூல்களே எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கின்றன. ‘ண’, ‘ஓ’ என்று சுழிகளால் ஆன நம் எழுத்துக்கு இது பெரிய வசதி.

எம்பிராய்டரியில் அந்த வசதி கிடையாது. எழுத்து சிறுத்தால் நூலின் பருமனே சுழிகளை அடைத்துவிடும். எழுத்தைத் தையல்களாக மாற்றித்தரும் பஞ்சிங் வேலைக்காரர், தமிழ் தெரிந்தவராக இருந்தால், சுழியைச் சற்றே பெரிதாக்கித் திறந்து வைப்பார். தெரியாதவர் கையில் அது வெறும் முடிச்சாகிவிடும்.

ஸ்கிரீனுக்கு ஒரு விதி உண்டு. அதைத் தயாரிக்கும் செலவு ஒரு சட்டைக்கும் ஆயிரம் சட்டைக்கும் ஒன்றுதான். ஆகவே அது இயல்பிலேயே கூட்டத்தின் கருவி. கட்சிக்கும் கல்லூரிக்கும் கால்பந்து அணிக்கும் கடல்கடந்த நிறுவனத்துக்கும் அது வாய் கொடுத்தது. 2020 செப்டம்பரில் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற வாசகம் சில நாட்களுக்குள் எத்தனையோ பேரின் மார்பில் ஏறியது. பலர் ஒரே சொல்லைச் சொல்ல விரும்பும்போது அச்சு அத்தனை விரைவாக உடன்வருகிறது. தனியொருவர் தமக்கென ஒரு சொல்லைக் கேட்டால் கதை வேறு. “ஒத்தப் பீசுக்கெல்லாம் ஆரு ஸ்கிரீன் போடுவாங்க?” என்பார் அப்பா. அதில் இளக்காரம் இருக்காது. அது தொழிலின் கணக்கு.

அவர் வாழ்நாளில் அச்சிட்ட பெயர்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றுகூட அவருக்குத் தெரிந்த மனிதருடையது அல்ல.

இப்போது டிடிஎஃப் என்றொரு முறை பரவியிருக்கிறது. கணினியில் உள்ள படத்தை ஒரு ஃபிலிமில் அச்சிட்டு, அதன்மேல் வெள்ளை மை பரப்பி, ஒட்டும் பொடியைத் தூவி உருக்குகிறார்கள். பிறகு சட்டைமேல் வைத்துச் சில நொடிகள் சூட்டில் அழுத்தி ஃபிலிமை உரித்தெடுக்கிறார்கள். ஸ்கிரீன் இல்லை. நிறத்துக்கொரு நடையும் இல்லை. ஒரே ஒரு சட்டை போதும். அப்பா இருபது ஆண்டுகளில் பழகிய கைநிதானத்துக்கு அங்கே வேலையே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா மறைந்த மறு ஆண்டு, அவருடைய கூலி நோட்டிலிருந்த கையெழுத்தைத் தங்கை ஒரு கறுப்புச் சட்டையில் பதித்து வாங்கி வந்தாள். அச்சான பனியனை இரு கைகளாலும் இழுத்துப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். போதிய சூட்டில் வேகாத அச்சு அப்போது விரிசல் விட்டுவிடும். நானும் இழுத்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. ஆனால் தொட்டால் துணியும் மையும் வேறுவேறாகத்தான் இருந்தன. கையெழுத்து துணியின்மேல் ஒரு மெல்லிய தோலாகக் கிடந்தது. நூலுக்குள் இறங்கிய பழைய அச்சின் மென்மை அதில் இல்லை. அப்பாவிடம் கொடுத்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆயினும் அந்த ஒற்றைச் சட்டையை அவருடைய ஸ்கிரீன் ஒருநாளும் அவருக்குத் தந்திருக்காது.

தங்கை அதை உட்புறம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் அலசுகிறாள். அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை வைப்பதில்லை.