மஞ்சப்பைக்குள்ள மூலப்பத்திரம்

அப்பா பீரோவ இன்னிக்கு அவரை வச்சுக்கிட்டே குடைஞ்சோம்.

மூலப்பத்திரம் ஜவுளிக்கடை மஞ்சப்பையில.
பட்டா யாரோட கல்யாணப் பத்திரிகைக்குள்ளயோ.
எல்.ஐ.சி. பாண்டு சாமி படத்துக்குப் பின்னாடி. (பாதுகாப்பாம்!)

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா."
அதான்ப்பா பிரச்சினையே.

எஃப்.டி. எல்லாத்துக்கும் அம்மாதான் நாமினின்னு ஒரே பெருமை.
நாமினி பணத்தை வாங்கலாம், அதுனாலயே சொந்தமாயிடாது, உயிலோ வாரிசுச் சட்டமோதான் யாருக்குன்னு முடிவு பண்ணும்னேன்.
முறைச்சார்.
"அப்ப அந்த ஃபாரம் எதுக்குடா?"
பணம் பேங்க்லயே முடங்கிக் கிடக்காம சட்டுனு வெளிய வரத்தான். அதுக்கே அது வேணும்ப்பா.

உயில்னு வாயெடுத்ததும் அம்மா, "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?"
வெள்ளைத்தாள் போதும்மா. முத்திரைத்தாள் வேணாம். அப்பா கையெழுத்து, ரெண்டு சாட்சி கையெழுத்து. பதிவு பண்றது கட்டாயமில்ல, பண்ணிட்டா நல்லது.
காபி போடப் போயிட்டாங்க.

அப்பாகிட்ட இன்னொண்ணும் சொன்னேன்: 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிடும். வாரிசு போய்க் கேட்டா திரும்பக் கிடைக்கும். ரிசர்வ் வங்கியோட உத்கம் தளத்துல பேர் போட்டுத் தேடலாம்.
தாத்தா பேரைப் போட்டுப் பார்த்தேன். ஜமீன் எதுவும் சிக்கல.

இவ்ளோ சட்டம் பேசுறீங்களே, உங்க டீமேட் கணக்கு எங்க இருக்கு, போன் லாக் நம்பர் என்னன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க.
காபி ஆறிடும்னு எழுந்து வந்துட்டேன்.

உங்க வீட்ல இந்தப் பேச்சை யாருங்க ஆரம்பிச்சது? சண்டை வராம முடிஞ்சுதா?