தலைப்பிரட்டை

கார்த்திகை மழை விட்ட ஒரு மாலை, பாங்கிலிருந்து திரும்பும்போது, வீட்டுக்கருகே காலி மனையில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகளைப் பார்த்தேன். குட்டை வற்றிக்கொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பன்னிரண்டைப் பிடித்துவந்தேன். கருணை என்றுதான் அப்போது நினைத்தேன்.

‘தவளையா, தேரையாப்பா?’ என்றாள் மகள்.

‘தவளை’ என்றேன், உடனே. பிறருடைய முதல் தொகுதிகளுக்கு மதிப்புரை எழுதி எழுதி, தெரியாது என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

பிறகுதான் படித்தேன். கன்னங்கரேலென்று, சிறுத்து, கூட்டமாகவே திரிவது தேரைக் குஞ்சு. அது தன் உடன்பிறப்புகளை இனங்கண்டு சேர்வதைப் பற்றி சைதாபூரும் கிரீஷும் 2000இல் எழுதியிருக்கிறார்கள். என் பன்னிரண்டில் பதினொன்று அப்படி. ஒன்று மட்டும் பெரிது, பழுப்பு, தனி.

குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றினேன். வெந்த கீரையைக் கிள்ளிப் போட்டு, மிஞ்சியதைத் தண்ணீர் கெடுமுன் எடுத்தேன். மூன்றாம் நாள் எட்டுத்தான் இருந்தன. அந்தப் பெரியது, மழையில் மஞ்சளாகிக் கத்துமே, அந்த வயல் தவளையின் குஞ்சு. மற்றவற்றைத் தின்று வளர்வது. நான் சொன்ன பெயர் அது ஒன்றுக்குத்தான் பொருந்தியது. அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் கொசுப்புழு போட்டேன்.

தேரைகளுக்குப் பின்கால் வந்தது, பிறகு முன்கால். முன்கால் வந்தபின் அது சாப்பிடுவதில்லை. கரைகிற வாலே சாப்பாடு. செவுள் போய் நுரையீரலால் மூச்சுவிடும் அந்நாட்களில் ஏறி உட்கார ஒரு கல் வேண்டும். இதையும் படித்திருந்தேன். டிசம்பர் காலாண்டுக் கணக்கு. வீடு திரும்ப இரவு பத்தாகும். நாளைக்கு வைக்கலாம் என்று விட்டேன். காலையில் மூன்று, பாதி வாலுடன், வயிறு மேலாக மிதந்தன. தண்ணீரில் பிறந்தவை மூழ்கிச் செத்திருந்தன.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலிருந்து ஓட்டுச் சில்லொன்றைக் கொண்டுவந்து தொட்டியில் சாய்த்துவைத்தாள். மாலையில் ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தது, சுண்டுவிரல் நகமளவு.

மிச்ச நான்கையும் தவளையையும் அதே மனையில் விட்டோம். மறுபடி பெய்து குட்டை நிரம்பியிருந்தது. நான் எடுக்காமல் விட்டிருந்தால் எத்தனை கரையேறியிருக்கும் என்ற கணக்கு மட்டும் நேராகவில்லை.

மேஜையில் ஒரு முதல் தொகுதி மதிப்புரைக்குக் காத்திருக்கிறது. என்ன வகை என்று முதல் வாசிப்பிலேயே குறித்துவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.