கடைமடையில் ஓடிய டில்லர்கள்

ஊருக்குத் திரும்புகிற நம்மைப் போன்றவர்கள் முதலில் தேடுவது சத்தத்தைத்தான். காரைக்கால் பாரதியார் சாலையின் இரைச்சல் ஓய்ந்து, கோட்டுச்சேரிப் பக்கமோ நெடுங்காட்டுப் பக்கமோ வண்டி திரும்பியதும் காது தானாக வயல் பக்கம் போகும். ஆனிக் கடைசியாக இருந்தால் அங்கே எங்காவது ஒரு உழவு டில்லர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். டிராக்டர் மாதிரி ஒரே மூச்சாக உறுமாது. டுப் டுப் என்று எண்ணி எண்ணி அடிக்கும். சேறு ஆழமானால் அடி தளரும், ஓட்டுகிறவர் திராட்டிலைக் கூட்டினதும் நிமிரும். திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா, "பள்ளத்து வயல்ல எறங்கிட்டான், இனி சாயங்காலம் வரைக்கும் அங்கதான்" என்பார். எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நம்முடையது கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாலும் கல்லணை தாண்டி, கும்பகோணம் தாண்டி, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் நூலாற்றிலும் வாஞ்சியாற்றிலும் பிரிந்து நம் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே உள்ள ஊர்க்காரர்கள் பாதி நடவை முடித்திருப்பார்கள். வந்த தண்ணீரை வீணாக்காமல் சட்டுப்புட்டென்று உழுது சேறடித்து நட்டாக வேண்டும். அந்த அவசரத்தில்தான் டில்லர் நம் ஊருக்குள் நுழைந்தது. அதற்கு முன்பு உம்பளச்சேரி மாடுகள். கொம்பு தீய்த்து, காது நறுக்கிவிட்ட குள்ள மாடுகள்; தொடையளவு சேற்றிலும் சலிக்காமல் நடக்கும். ஏர் கட்டிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக ஐந்தாறு ஜோடி போவதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாம் பார்த்தது அந்த வரிசையின் வாலைத்தான்.

1967இல் பெங்களூரில் வி.எஸ்.டி. கம்பெனி தொடங்கி, ஜப்பானிய மிட்சுபிஷியின் கூட்டோடு டில்லர் செய்ய ஆரம்பித்தார்கள். 1973இல் கேரளத்து ஆலுவாவுக்குப் பக்கத்தில் அத்தாணியில் அரசாங்கமே 'காம்கோ' என்று ஒரு கம்பெனி வைத்து, குபோட்டா டில்லரைச் செய்யத் தொடங்கியது. இந்த இரண்டும்தான் நம் பக்கத்தில் அதிகம் ஓடியவை. ஊரே இரண்டு கட்சியாக நின்ற காலம் அது. மிட்சுபிஷி வைத்திருப்பவர் குபோட்டாவைக் குறை சொல்வார். குபோட்டாக்காரர் தன் 12 குதிரைசக்தியைச் சொல்லி மார்தட்டுவார். டீக்கடைப் பெஞ்சில் இந்த வழக்குக்குத் தீர்ப்பே வந்ததில்லை.

யார் வாங்கினார்கள் என்பதிலும் நம் ஊர் வாடை உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த 'சொல்தா' வீடுகளில் பென்ஷன் பணம் வரும். அப்படி ஒரு பெரியப்பா, மெத்தை வீட்டுக்கு மாடி எழுப்புவதற்கு வைத்திருந்த பணத்தில் டில்லர் வாங்கிவிட்டார் என்று பெரியம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டுப் பத்திரத்தில் நிலம் எக்டேர், ஆர் என்று பிரெஞ்சுக் கணக்கில் இருக்கும். வாயில் மட்டும் மா, குழி, வேலிதான். டில்லர் வாடகையும் மா கணக்குத்தான். மூன்று மா ஓட்டினால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். கூலி பேசும்போது வரப்பின் வளைவையும் சேர்த்துப் பேசுவார்கள்.

விடிகாலையில் அதைக் கிளப்புவது ஒரு சடங்கு. தண்ணீர் ஊற்றுவது, டீசல் குழாயைத் திறப்பது, எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு ஓட்டுகிற அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொள்வார். இடது கை அமுக்க விசையைத் தூக்கிப் பிடித்திருக்கும், வலது கை ஹேண்டிலைச் சுற்றும். சுற்று வேகம் பிடித்ததும் விசையை விட வேண்டும். முந்தி விட்டால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு வீங்கிய கையோடு அலைந்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். மார்கழிப் பனியில் மசமசவென்று இருந்தால் காற்றுக் குழாய் வாயில் பழைய துணியைக் கொளுத்திக் காட்டுவார். கறுப்புப் புகை இரண்டு மூன்று தடவை துப்பிவிட்டு எஞ்சின் பேசத் தொடங்கும். சாணம் தெளித்த வாசலில் அந்த டீசல் மணமும் அடுப்பில் ஏறிய காப்பி மணமும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு வயலில் வேலை என்று பொருள்.

ரோட்டில் ரப்பர் சக்கரம். வயலில் இறங்கும் முன் அதைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்ட வேண்டும். தார் ரோட்டில் கூண்டுச் சக்கரத்தோடு போனால் ரோடு பெயர்ந்துவிடும், பஞ்சாயத்தில் சண்டை வரும். சேற்றில் இறங்கியதும் பின்னால் உள்ள கத்திகள் சுழல, சென்ற போகத்துத் தாளும் எருவும் சேறும் ஒன்றாகக் குழைந்து கருப்பு உளுந்து மாவாகப் பொங்கும். பின்னாலேயே கொக்கும் மடையானும் மைனாவும் ஊர்வலம் வரும். சக்கரத்தடியில் துள்ளும் கெளுத்திக்கும் குரவைக்கும் பையன்கள் நாம் கொக்குகளோடு போட்டி போட்டோம். மாலை வீட்டுக்கு வரும்போது டவுசர் பையில் மீன் இருக்கும், முதுகில் அம்மாவின் அடி இருக்கும்.

ஓட்டுகிறவர் உட்கார்ந்து ஓட்டியதாக நினைத்துவிடாதீர்கள். சேற்றில் நாள் முழுக்கப் பின்னால் நடை. இடது பிடியில் உள்ள கிளட்சை அமுக்கினால் இடது பக்கம் திரும்பும். வலதை அமுக்கினால் வலது. ஆனால் ஆற்றுக் கரைச் சரிவில் இறங்கும்போது மட்டும் எல்லாம் தலைகீழ். கிளட்ச் விட்ட சக்கரம் சரிவில் தன்போக்கில் முந்தி ஓடும், இடதை அமுக்கினால் வண்டி வலப்பக்கம் திரும்பும். இது தெரியாத புதுப் பையன்கள் டில்லரை அரசலாற்றில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். தெரிந்த அண்ணன்மார்களுக்குக் கரையிறக்கம் வந்தால் கை தானே மாறிக்கொள்ளும். பாடம் எழுதிவைத்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தலைமுறையின் உள்ளங்கையில் இருந்தது, அவர்களோடு போய்விட்டது.

உழவு இல்லாத நாளில் பின்னால் டிரெய்லர் மாட்டிவிடுவார்கள். ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்கு, நாகூர் கந்தூரிக்கு, திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சிக்கு என்று வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, தெருவே ஏறிக்கொள்ளும். நடந்து போகிறவர்கள் நம்மை முந்திவிடுவார்கள்; யாருக்கும் அவசரமில்லை. டீசல் நம் ஊரில் மலிவு என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கத்து டில்லர்களும் கேனைக் கட்டிக்கொண்டு பூவத்துக்கும் வாஞ்சூருக்கும் வரும். வாய்க்காலில் தண்ணீர் இறங்கிப் போனால் அதே எஞ்சினில் பெல்ட்டை மாட்டி பம்பு ஓட்டுவார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். மாட்டுப் பொங்கலன்று மாடே இல்லாத வீடுகளில் டில்லருக்கு நெட்டிமாலை போட்டுப் பொங்கலோ பொங்கல் சொன்னோம்.

திருமலைராயன்பட்டினம் போகிற வழியில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். கீற்றுக் கொட்டகை, தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்த மண், ஆணியில் தொங்கும் பெல்ட்டுகள், பிஸ்கட் டப்பாக்களில் போல்ட்டு நட்டு. கடலோர மணல் வயலில் ஓடுகிற டில்லருக்குக் கத்தி சீக்கிரம் தேயும். தேய்ந்த கத்தியைக் கையில் வாங்கித் தடவிவிட்டு, "இது அக்கரைவட்டத்து மண்ணு" என்று சொல்லிவிடுவார். உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் பக்கத்துப் பட்டறை ஆசாரியும் அவரும் சேர்ந்து அடித்துப் பொருத்திய சாமான்களோடு சில வண்டிகள் பல வருஷம் ஓடின. தொழுகைக்குப் போகும் நேரத்தில் கடை திறந்தேதான் கிடக்கும். இப்போது கொட்டகையும் இல்லை, பாயும் இல்லை.

டில்லர் போனதற்கு ஒரு காரணம் சொல்ல முடியாது. ரோட்டாவேட்டர் மாட்டிய டிராக்டர் வந்து, நாள் வேலையை மணிக் கணக்கில் முடித்தது. அறுவடை இயந்திரம் வந்தது. 2007 தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் நம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. தண்ணீர் காகிதத்தில் இருக்க, குறுவை வருஷா வருஷம் சந்தேகமானது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோர வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறியது. சில வயல்கள் மனைகளாயின. ஓட்டிய அண்ணன்மார்களின் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பாரீசுக்கும் போனார்கள். கொல்லையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற வண்டி மேல் முதலில் கோழி அடைந்தது, பிறகு பீர்க்கங்கொடி படர்ந்தது, ஒரு நாள் பழைய இரும்புக்காரன் தராசோடு வந்தான். கிலோ கணக்கில் போனது.

வெளியுலகம் இப்படிப்பட்ட பழைய உழவு வண்டிகளை வேறு மாதிரி நடத்துகிறது. சுழல் கத்தி உழவை 1912இல் தகப்பனார் பண்ணையில் சோதித்துப் பார்த்து, 1922இல் அதற்கென்றே கம்பெனி வைத்த ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்டை ஆஸ்திரேலியாவில் இன்னும் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி 1916இல் காப்புரிமை வாங்கிய தோட்ட டிராக்டரின் வழிவந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பழைய நிறத்திலேயே வர்ணம் அடித்து ஓட்டிக் காட்டுகிற பைத்தியங்கள் ஏராளம். பிரான்சில் கோடையில் கிராமத்துக்குக் கிராமம் பழைய உழவு வண்டித் திருவிழா நடக்கிறது. அங்கே குடியேறிய நம் காரைக்கால் பிள்ளைகள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் பழைய கார்களைச் சேர்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காரில் போனவர்களின் கதை அங்கே பத்திரமாக இருக்கிறது. காரில் போனவர்களுக்கும் சோறு போட்ட வண்டிக்குத்தான் நம் ஊரில் ஒரு கொட்டகை இல்லை.

1987 முதல் செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. டில்லர்களை நிறுத்தி வைக்க அங்கே ஒரு மூலையும் ஒரு தகரக் கூரையும் போதும். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொல்லைப்புறம் கொஞ்சம் போய்ப் பாருங்கள். பீர்க்கங்கொடிக்கு அடியில் டில்லர் இன்னும் நின்றால் இரும்புக்காரனைக் கூப்பிடாதீர்கள். கம்பெனித் தகட்டைத் துடைத்து எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம் வாங்கியது, யார் பணம், யார் ஓட்டினார், எந்தெந்த வயலில் இறங்கியது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓட்டிய அண்ணன் உயிரோடு இருந்தால் அவரையும் அந்த வண்டி பக்கத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். பெயரைப் படத்தின் பின்னால் எழுத மறந்துவிடாதீர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுபது தாண்டிவிட்டது.