கடைவாய்ப் பல்லும் கை முறுக்கும்

போன மாசம் அம்மா ஊர்லேர்ந்து கை முறுக்கு குடுத்தனுப்பியிருந்தாங்க. ராத்திரி பதினோரு மணி. பிடிபடாத ஒரு பக்கை முறைச்சுக்கிட்டே டப்பாவுக்குள்ள கையை விட்டேன். 'கடக்'! முறுக்கு சத்தம்னுதான் நினைச்சேன். நாக்கால தடவினா கீழ்க் கடைவாய்ப் பல்லுல ஒரு ஓரத்தைக் காணோம்.

வலி இல்லை. அதனால ஆபீஸ்ல செய்யற அதே வேலையைச் செஞ்சேன்... அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்னு தள்ளி வெச்சுட்டேன். மூணு வாரம் இடது பக்கமாவே சாப்பாடு. ஐஸ் தண்ணி பட்டா சுர்ருங்கும். ஒரு விசித்திரம் என்னன்னா, கடிக்கும்போது வலிக்காது, கடிச்சு விடும்போதுதான் வெட்டும்.

அப்போ அப்பா வந்திருந்தார். "ஏன்டா ஒரு பக்கமாவே மெல்லுற?" விஷயத்தைச் சொன்னேன். "நானும் இப்படித்தான் ஓட்டினேன்"னு வாயைத் திறந்து காட்டினார். அதே இடத்துல காலி. 2015ல விரிசல் விட்டிருக்கு. கேப் போடணும்னாராம் டாக்டர். எனக்கு காலேஜ் முதல் வருஷ ஃபீஸ் கட்டின நேரம் அது. தள்ளிப்போட்டு, கடைசியில பல் வேரோட பிளந்து, பிடுங்கிட்டாங்க. இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன், ஒருநாள் கூட கவனிச்சதில்லை.

மறுநாளே ஓடினேன். எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலை. விரிசல் பல நேரம் அதுல தெரியாதாம். டாக்டரம்மா ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியைக் குடுத்து, பல்லோட ஒவ்வொரு முனையிலயும் வெச்சுக் கடிக்கச் சொன்னாங்க. சாட்சாத் டீபக்கிங்! மூணாவது முனையில மாட்டிக்கிச்சு. நல்லவேளை, நரம்பு வரைக்கும் போகலை, கேப்போட தப்பிச்சேன். நரம்பைத் தொட்டிருந்தா ரூட் கெனால். எலும்பு உடைஞ்சா கூடும், பல்லு தானா கூடாது.

அவங்க சொன்னதுல உங்களுக்கும் உதவறது:

* உடனே வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிங்க. வீக்கம் இருந்தா கன்னத்துக்கு வெளியில, துணியில சுத்தின ஐஸ்.
* உடைஞ்ச துண்டு கிடைச்சா பால்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. சில சமயம் ஒட்ட வைக்க முடியும்.
* வலி மாத்திரையை முழுங்கணும், ஈறுல வெச்சா புண்ணாயிடும். ஃபெவிக்விக் பக்கமே போகாதீங்க!
* பெரியவங்க பல் முழுசா விழுந்துட்டா, வேரைத் தொடாம மேல்பக்கத்தைப் பிடிச்சு எடுத்து, பால்ல போட்டு, அரை மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட ஓடுங்க.
* முகம் வீங்கி ஜுரமும் வந்தா அன்னைக்கே போயிடணும்.

அப்பாவுக்கும் பல் கட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். "இந்த வயசுல எதுக்குடா வெட்டிச் செலவு?"ன்னார். "இந்தத் தடவை ஃபீஸ் நான் கட்டறேன்பா"ன்னேன். ஒண்ணும் பேசலை.

அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடலை. சொன்னா அடுத்த மாசம் முறுக்கு வராதே... ஹி ஹி.